‘வாங்கினேன்’ என்றாள் குப்பம்மாள்

கோர்ட்டு மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் முதலில் கேட்டது, எந்த அகராதி நல்லது என்று. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய சொல் அதில் இருக்கும். ஓர் ஆளைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சொல்லும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். எதை எடுப்பது என்று அகராதி சொல்லாது.

நம்மைக் கவிழ்ப்பவை பெரிய சட்டச் சொற்கள் அல்ல. அவற்றுக்குப் பயந்து நாம் முன்கூட்டியே படித்து வைத்திருப்போம். கவிழ்ப்பவை சின்னச் சின்ன வினைச்சொற்கள். அதிலும், ஒரு பொருள் ஒருவர் கைக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லும் சொற்கள். கோர்ட்டுக்கு வரும் வழக்குகளில் பாதிக்கு மேல், ‘இது உன்னிடம் எப்படி வந்தது?’ என்ற ஒரே கேள்விதானே.

பள்ளிக்கூடத்தில் ‘கெட்’, ‘ரிசீவ்’, ‘அப்டெயின்’, ‘அக்வயர்’, ‘எர்ன்’ எல்லாவற்றுக்கும் ‘பெறு’ என்று எழுதினால் வாத்தியார் சரி போட்டுவிடுவார். கூண்டில் நிற்பவனுக்கு அது போதாது. ‘எர்ன்’ என்றால் உழைப்புக்குக் கூலியாக வந்தது. ‘அக்வயர்’ என்றால் எப்படியோ தன்னுடையதாக்கிக்கொண்டது. நிலத்துக்கும் சொல்லலாம், கெட்ட பழக்கத்துக்கும் சொல்லலாம். ‘அப்டெயின்’ என்பது முயன்று அடைந்தது. வெளியே அது நல்ல சொல்தான். ஆனால் மோசடி வழக்குகளில் ‘ஏமாற்றி’ என்பதோடு ஒட்டியே வந்து வந்து, கோர்ட்டுக்குள் அதற்கு ஒரு நாற்றம் ஏறிவிட்டது. ‘ரிசீவ்’ என்பது கையில் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். அதுவும் திருட்டுப் பொருள் வழக்குகளில் அடிபட்டு அடிபட்டுக் கறை பிடித்த சொல். ‘கெட்’ பொதுச்சொல். எதையும் தெளிவாகச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் கோர்ட்டின் மூத்த மொழிபெயர்ப்பாளர். நாகூர்க்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை ‘நானா’ என்பார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மெலிந்த ஆள். அங்கியின் மேல் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். ஒருமுறை ஒரு துறைமுகக் கூலியிடம் வெள்ளிக் கடிகாரச் சங்கிலி இருந்ததென்று பிடித்து வந்தார்கள். ‘நான் சம்பாதிச்சது’ என்றான் அவன். போலீஸ் தரப்பில் அதை ‘அக்வயர்’ என்று எழுதியிருந்தார்கள். நானா கூண்டருகே நின்று அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘எர்ன்’ என்றார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்து, எப்படி உழைத்தாய் என்று கேட்டார். தண்ணீரில் விழுந்த கப்பல் அதிகாரி ஒருவரைக் குதித்துத் தூக்கிவிட்டதற்குக் கிடைத்த பரிசு அது. ஆள் அனுப்பி விசாரித்தார்கள், உண்மை. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் யாரும் மேலே கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அப்படிப்பட்டவர்தான் நான் சொல்லப்போகும் வழக்கில் தவறினார். அதனால்தான் சொல்கிறேன்.

சிராங்கூன் சாலையில் டிராம் ஓடத் தொடங்கிய புதிது. சாலைக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைகள் நிறைய இருந்த காலம். அங்கே குப்பம்மாள் என்றொருத்தி பால் விற்றுப் பிழைத்தாள். புருஷன் செத்துப் பல வருஷம், பிள்ளை இல்லை. அவள் கொட்டகைக்கு அடுத்த குடிசையில் மாயாண்டி என்பவனின் மனைவி குடியிருந்தாள். மாயாண்டி ஜொகூரில் காடு வெட்டும் வேலைக்குப் போயிருந்தபோது அவளுக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. தாய்க்கு ஜன்னி கண்டு, குழந்தையைக் குப்பம்மாள் கையில் கொடுத்துவிட்டு இறந்துபோனாள். மாயாண்டிக்கு ஆள் மூலம் சேதி போனது. அவன் வரவில்லை. குழந்தைக்குக் காமாட்சி என்று பெயர் வைத்து, மாட்டுப் பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி ஊட்டி வளர்த்தாள் குப்பம்மாள்.

குழந்தை ஓடியாடத் தொடங்கிய பிறகு மாயாண்டி வந்தான். இன்னொரு கல்யாணம் செய்திருந்தான். புது மனைவிக்குப் பிள்ளை நிற்கவில்லை. ‘எம் புள்ளையக் குடு’ என்று கேட்டான். அவள் மறுத்தாள். யாரோ யோசனை சொல்ல, அவன் போலீசில் போய், மருத்துவச்சிக்குக் காசு கொடுத்துத் தன் குழந்தையை இவள் விலைக்கு வாங்கிவிட்டாள் என்று புகார் எழுதினான். பெண் குழந்தைகளை விலைக்கு வாங்குவதும் விற்பதும் இந்த ஊரில் நடந்துகொண்டிருந்தது. அதில் சர்க்கார் கடுமையாக இருந்தது. வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது அந்த மருத்துவச்சி ஊரிலேயே இல்லை.

அன்று நானா கூண்டருகே நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்த வழக்கு. சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தையை ஒரு சீக்கியக் காவலர் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அது நிற்காமல் கூண்டுக்கு ஓடி, கம்பிக்கு இடையே கையை நீட்டிக் குப்பம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார் காவலர். விடவில்லை. ‘இருக்கட்டும்’ என்று மாஜிஸ்திரேட்டே சொன்னார். அந்தத் துரை கண்டிப்பானவர், ஆனால் கல் நெஞ்சுக்காரர் இல்லை. காலையில் அவர் முகத்தைப் பார்த்த எனக்கு, இந்த வழக்கு நல்லபடியாக முடியும் என்றே பட்டது.

“இந்தக் குழந்தை உன்னிடம் எப்படி வந்தது?” என்று கேட்டார். நானா தமிழில் சொன்னார்.

குப்பம்மாள் சத்தமாகத்தான் பதில் சொன்னாள். “அவ சாகப்போற நேரத்துல ‘இந்தாக்கா’ன்னு குடுத்தா. நான் வாங்கினேன்.”

நானா ஆங்கிலத்தில் சொன்னார்: தாய் கொடுத்தாள், நான் ‘பாட்’. விலைக்கு வாங்கினேன்.

அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தான் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு குப்பம்மாளைப் பார்த்தார். அந்தப் பார்வை காலையில் இருந்த பார்வை இல்லை. “என்ன விலை என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்போம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

நம் மொழியில் அடியும் வாங்கலாம், பேரும் வாங்கலாம், ஆசீர்வாதமும் வாங்கலாம். ஓடினால் மூச்சு வாங்கும். பிரசவம் பார்ப்பவள் குழந்தையைக் கையில் வாங்குவாள். இவை எதிலும் காசு இல்லை. நானாவுக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அன்று காலையிலிருந்து அவர் வாயில் புகார்க்காரனின் ‘விலைக்கு வாங்கினாள்’ என்பதே ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் சொன்னது அது, மாயாண்டி சொன்னது அது. அந்த அறை முழுதும் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்ததோ, அதுவே அவர் வாயில் வந்துவிட்டது. அறிவு குறைவால் வந்த தவறு இல்லை இது. உங்களுக்கும் ஒருநாள் வரும். வழக்கை நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் நாளில்தான் வரும்.

அந்த வழக்கில் எனக்குப் பேச உரிமை இல்லை. எழுந்து கத்தியிருந்தால் வெளியே தள்ளியிருப்பார்கள். நானாவின் மானமும் போயிருக்கும், அவளுக்கும் பயன் இருந்திருக்காது. வராந்தாவுக்கு வந்ததும் அவரைத் தூண் பக்கம் கூப்பிட்டேன்.

“நானா, அந்தம்மா வாங்கினேன்னு சொன்னதுக்கு நீங்க ‘பாட்’னு சொல்லிட்டீங்க.”

“நான் எங்கே அப்படிச் சொன்னேன்?”

“சொன்னீங்க. அதான் துரை விலை என்னான்னு கேக்கப்போறாரு.”

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று, தான் சொன்ன வாக்கியத்தைத் தனக்குள்ளேயே மறுபடி ஓட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“யா அல்லாஹ்” என்றார். “‘அக்செப்ட்’னு சொல்லிருக்கணும் தம்பி. ‘ரிசீவ்’கூட வேணாம், திருட்டு நாத்தம் அடிக்கும். தாய் கையிலேருந்து ஏத்துக்கிட்டா, அவ்வளவுதானே. நான் போயி அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறேன்.”

“வேணாம் நானா. இப்ப அங்க போகாதீங்க. கோர்ட்டு கூடினதும் துரைகிட்டயே சொல்லிடுங்க, தப்பாயிடுச்சுன்னு.”

“ரெண்டாவது தடவையும் தப்பாச் சொல்லக் கூடாதுல்ல? கேட்டுட்டுச் சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

போய்விட்டார். வராந்தாவின் மறுகோடியில் குழந்தையை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள் குப்பம்மாள். அவர் குனிந்து கேட்டது எனக்கே கேட்டது.

“ஏம்மா, வாங்கினேன்னு சொன்னியே, காசு குடுத்தா வாங்கினே?”

அவள் கை அப்படியே நின்றது. “காசா? பச்சப்புள்ளைக்கா? என்னங்கய்யா கேக்குறீங்க?”

“இல்ல, அந்த வார்த்தைய துரை அப்புடி எடுத்துக்கிட்டாரு. நான் சரி பண்ணிடுறேன். நீ பயப்படாதே.”

பயப்படாதே என்று சொன்னால் யாராவது பயப்படாமல் இருப்பார்களா? அவர் நல்லது நினைத்துத்தான் போனார். ஆனால் அந்த ஒரு பேச்சில் இரண்டு காரியம் நடந்துவிட்டது. தன் வாயிலிருந்து வந்த ‘வாங்கினேன்’ தன்னைக் கெடுத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. இன்னொன்று, குற்றம் சாட்டப்பட்டவளோடு மொழிபெயர்ப்பாளர் குனிந்து நின்று பேசியதைப் படியில் நின்ற இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

கோர்ட்டு மறுபடி கூடியதும் நானா நேராக முன்னால் போய் நின்றார். காலையில் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டேன், ‘பாட்’ அல்ல ‘அக்செப்ட்’ என்பதே சரி, மன்னிக்க வேண்டும் என்றார். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும். அவருக்கு அது இருந்தது. மாஜிஸ்திரேட் பதில் சொல்லும் முன் இன்ஸ்பெக்டர் எழுந்து, தான் பார்த்ததைச் சொன்னார்.

“இடைவேளையில் இந்தப் பெண்ணோடு பேசினீரா?” என்று மாஜிஸ்திரேட் நானாவைக் கேட்டார்.

“பேசினேன்.”

“இந்தச் சொல்லைப் பற்றியா?”

“ஆமாம். அவள் எந்தப் பொருளில் சொன்னாள் என்று தெரிந்துகொள்ள...”

“போதும். போய் உட்காரும்.”

நானா உட்கார்ந்தார். இத்தனை வருஷம் நின்ற இடத்திலிருந்து நடந்து வந்து, சாட்சிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். எனக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள்.

அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முதலில் என்னைக் கேட்டார். விலைக்கு வாங்குவதற்கும் அதுதான், கொடுத்ததைக் கையில் ஏற்பதற்கும் அதுதான், காலையில் அவள் சொன்ன வாக்கியத்தில் விலைக்கு இடமே இல்லை என்று சொன்னேன். அவர் யோசித்தார். அந்த நேரத்தில்கூட எனக்கு நம்பிக்கை போகவில்லை. “அப்படியானால் அவளையே மறுபடி கேட்போம்” என்றார். குழந்தை உன்னிடம் எப்படி வந்தது என்ற அதே கேள்வி. காலையில் சொன்னதையே அவள் திருப்பிச் சொன்னால் போதும். நான் ‘அக்செப்ட்’ என்பேன். முடிந்தது.

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். குப்பம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த நானாவைப் பார்த்தாள். இப்போது எந்தச் சொல்லைச் சொன்னால் ஆபத்து இல்லை என்று அவள் தேடுவது எனக்குத் தெரிந்தது. இன்னொரு முறை அந்தப் பழைய சொல்லைச் சொல்ல அவளுக்குத் துணிவு இல்லை.

“நான் பெத்தேன்” என்றாள். “இது நான் பெத்த புள்ள.”

மாயாண்டி எழுந்து, “அய்யோ, பொய்யி தொரை, பொய்யி!” என்று கத்தினான். காவலர் அவனை உட்கார வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தம்பிகளே, ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும் அது. அந்த நேரத்தில் நான் கண்டது இதுதான். ‘பெற்றேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘கெட்’ இருக்கிறது. ‘ஐ காட் ஹர்’ என்று நான் சொன்னால், எனக்கு அவள் கிடைத்தாள் என்றாகும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பெறு என்றால் கெட் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். அவள் சொன்ன பொய், ஆங்கிலத்துக்கு வரும்போது உண்மையாகிவிடும். மாஜிஸ்திரேட் தலையாட்டி எழுதிக்கொள்வார். குழந்தை அவளோடு வீட்டுக்குப் போகும்.

ஆனால் அவள் பேசியது புத்தகத் தமிழ் இல்லை. பரிசு பெற்றேன், பட்டம் பெற்றேன் என்று பேசுகிறவள் இல்லை அவள். மாட்டுக் கொட்டகையில் ‘பெத்தேன்’ என்றால் ஒரே பொருள்தான். அது எனக்கும் தெரியும், நானாவுக்கும் தெரியும், அறையில் இருந்த ஒவ்வொரு தமிழனுக்கும் தெரியும். சற்று முன்புதான் நான் சத்தியம் செய்திருந்தேன். சொல்லின் பொருளை நான் தேர்ந்தெடுக்கலாம். அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை நான் தேர்ந்தெடுக்க முடியாது. அதைத் தொடங்கினால் இன்று இவளுக்கு, நாளை எவனுக்கு?

“‘ஐ கேவ் பர்த் டு ஹர்’ என்கிறாள்” என்றேன்.

நாம் பெறுகிறோம் என்பதை அவர்கள் கொடுக்கிறோம் என்கிறார்கள். அந்த ஒரு காரியத்தில் இரண்டு மொழியும் நேர் எதிராக நிற்கின்றன.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். காலையில் விலைக்கு வாங்கினாள், மதியம் ஏற்றுக்கொண்டாள், இப்போது பெற்றெடுத்தாளா என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. தாய் தன் கையால் கொடுத்தாள் என்பதையும் சேர்த்து. விலைக்கு வாங்கியதற்குச் சாட்சி இல்லையென்று அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தார். சத்தியம் செய்து பொய் சொன்னதற்குச் சில வாரச் சிறை. குழந்தை தகப்பனுக்கு.

அவளை இறக்கிக் கொண்டுபோகும்போது குழந்தையின் விரல்களைச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தது மாயாண்டிதான். அவனை நீங்கள் கொடியவன் என்று நினைக்க வேண்டாம். பயந்த ஆள், வீட்டில் ஒரு பிள்ளைச் சத்தம் வேண்டும் என்று வந்தவன்.

“ஆத்தா! ஆத்தா!” என்று குழந்தை கத்தியது.

குப்பம்மாள் அழவில்லை. மாயாண்டியிடம், “பாலு ஆறினதும் ஏட்ட எடுத்துட்டுக் குடு. ஏடு நாக்குல பட்டா வாந்தி எடுப்பா” என்றாள்.

“சரிக்கா.”

“வலது காதுல புண்ணு. தண்ணி படாம ஊத்து.”

“சரிக்கா” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

மறுநாளே அவன் குழந்தையோடு ரயிலேறி உட்லண்ட்ஸ் போய், அங்கிருந்து படகில் ஜொகூர்க் கரைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எந்தக் காடு, எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நானாவை மறுபடி கூண்டருகே நிற்க விடவில்லை. எழுத்து வேலைக்கு மாற்றினார்கள். சில மாதத்தில் அதையும் விட்டுவிட்டார். ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மேல் பொத்தான் திறந்திருந்தது. அன்றுதான் அப்படிப் பார்த்தேன்.

“நீ சொன்னது சரியான வார்த்தை தம்பி” என்றார். “நான் கத்துக்குடுத்ததுதான்.”

நான் கிளம்ப எழுந்ததும் மறுபடி சொன்னார்.

“ஆனா அந்த எடத்துல நான் நின்னிருந்தா, ‘கெட்’னுதான் சொல்லிருப்பேன்.”

இதை அவர் என்னைக் கடிந்து சொன்னாரா, தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. இன்றும் இல்லை. உங்களில் யாராவது நாளை அந்த இடத்தில் நின்றால், சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். ஐயம் வந்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிக் கேளுங்கள், வராந்தாவில் கேட்காதீர்கள். வழக்கை மறந்துவிட்டு வாக்கியத்தைக் கேளுங்கள். தவறினால் அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் கழிந்துவிட்டால் உண்மையும் பொய்போல் தோன்றும். இவற்றைச் சரியாகச் செய்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று மட்டும் நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

குப்பம்மாள் வெளியே வந்த பிறகு ஒருநாள் காலையில் அவள் கொட்டகை வழியாகப் போனேன். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, திட்டுவாள் என்று நான் காத்திருக்கையில், வாளியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். நான் கடைசியாச் சொன்னத நீங்க அந்தத் தொரைகிட்ட இங்கிலீசுல என்னான்னு சொன்னீங்க?”

பொய் சொல்ல ஒரு வழி அப்போதும் இருந்தது.

“நீங்க பெத்த புள்ளைன்னு சொன்னேம்மா.”

“அப்படியேவா?”

“அப்படியேதான்.”

“அத்தினி பேருக்கும் கேக்குற மாதிரியா?”

“ஆமா. எல்லாருக்கும் கேட்டுச்சு.”

அவள் சாலைப் பக்கம் திரும்பினாள். டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. பிறகு, “நல்லா சொன்னீங்க” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டிடம் போய்விட்டாள்.